ஜோடி ஜாக் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: போக்கர் டோர்னமென்ட்டில் கையில் ஜோடி ஜாக் (இரண்டு J சீட்டு) வந்தும் அடிக்கடி தோற்கிறேன். எப்படி ஆடுவது?

பதில்: முதலில் உங்கள் சிப் கையிருப்பைப் பாருங்கள். 15 பிக் பிளைண்டுக்கு (சீட்டு வரும் முன்பே ஒருவர் வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயம்) கீழே என்றால் தயங்காமல் ஆல்-இன், அதாவது அத்தனை சிப்பையும் வையுங்கள். ஏஸ்-கிங் வைத்திருப்பவர் கால் செய்தாலும் (அந்தப் பந்தயத்துக்கு ஈடாக வைத்தாலும்) ஏறத்தாழ 55 சதவீதம் உங்கள் பக்கம்தான். 40 பிக் பிளைண்ட் இருந்தால் 2.2 பிக் பிளைண்டுக்கு ரெய்ஸ் (பந்தயத்தை உயர்த்துவது). முன்னால் ஒருவர் ரெய்ஸ் செய்திருந்தால் அதைப்போல் 3 மடங்கு. வெறுமனே கால் செய்து நாலைந்து பேரை உள்ளே விடுவதுதான் பெரிய தவறு. ஃபிளாப்பில் (மேஜையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) குயின், கிங், ஏஸ் இவற்றில் ஒன்றாவது விழ 57 சதவீத வாய்ப்பு உண்டு. ஆள் கூடக்கூட அது யாருக்காவது ஜோடி சேர்ந்துவிடும்.

ஃபிளாப்பில் 9-8-4, அதில் இரண்டு ஹார்ட் என்று விழுந்தால் பாட்டில் (நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயத் தொகை) மூன்றில் இரண்டு பங்கு பெட் வையுங்கள். ஃபிளஷுக்கு (ஒரே வகைச் சீட்டு ஐந்து) காத்திருப்பவர் அடுத்த சீட்டை இலவசமாகப் பார்க்கக் கூடாது. ஏஸ் விழுந்தால் செக் (பந்தயம் வைக்காமல் விடுவது). எதிராளி டர்ன், ரிவர் (நாலாவது, ஐந்தாவது பொதுச் சீட்டு) இரண்டிலும் பெரிதாகப் பந்தயம் அடித்தால் சீட்டை மடித்துவிடுங்கள்.