இத்தாலியில் பத்து நாள்: மகன் படிப்புக்கான பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: சார், நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். இருவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டுக் கடன் பாக்கி 24 லட்சம், வட்டி 8.5 சதவீதம், தவணை 30,000. செலவு போக மாதம் 40,000 மிஞ்சும். அதையும் கடனிலேயே கட்டிவிடுகிறோம். அவசரத்துக்கு எஃப்டியில் 5 லட்சம், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனின் கல்லூரிக்கு மியூச்சுவல் ஃபண்டில் 14 லட்சம் இருக்கிறது. அடுத்த ஜூனில் 3 லட்சம் சீட்டு முடிகிறது. டூர் கம்பெனியில் இத்தாலிக்கு 9 நாளில் 7 ஊர், தலைக்கு 2.6 லட்சம், இஎம்ஐ வசதியும் உண்டு என்கிறார்கள். கணவரோ, டஸ்கனியில் ஒரு கிராமத்தில் தங்கி நிதானமாகச் சாப்பிட்டு, ஒயின் குடித்து, சும்மா இருந்துவிட்டு வரலாம், பணத்தை மகன் ஃபண்டில் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். சைவம் சாப்பிடும் மாமியாரும் வருகிறார். ஒயின் குடிக்கவா இவ்வளவு செலவு என்று எனக்கு மனசு ஒப்பவில்லை.

பதில்: பயணத் திட்டத்தில் உங்கள் கணவர் சொல்வது சரி. பணத்தை எங்கே எடுப்பது என்பதில் அவர் சொல்வது தப்பு. முதலில் உங்களை உறுத்தும் ஒயினை எடுத்துக்கொள்வோம்.

டஸ்கனியில் ஃப்ளோரன்ஸ், சியெனா நகரங்களுக்கு நடுவில் இருக்கும் கியாந்தி மலைப்பகுதியை மனதில் வைத்துச் சொல்கிறேன். 1716-லேயே டஸ்கனியின் அரசர் மூன்றாம் கோசிமோ இந்தப் பகுதியின் ஒயினுக்கு எல்லை வரைந்து ஆணை போட்டார். இன்று 'கியாந்தி கிளாசிகோ' பாட்டிலில் கறுப்புச் சேவல் முத்திரை இருக்கும். விளைகிற இடத்தில் அது ஆடம்பரப் பொருளே இல்லை. சாதாரண உணவகத்தில் 'வினோ தெல்லா காசா', அதாவது அந்த உணவகத்தின் வழக்கமான ஒயின், என்று கேட்டால் அரை லிட்டர் ஜாடியில் 6 முதல் 8 யூரோவுக்குள் கொண்டுவந்து வைப்பார்கள். இரண்டு தோட்டங்களில் ருசி பார்ப்பது, சில பாட்டில்கள் வாங்குவது எல்லாம் சேர்த்தாலும் உங்கள் இருவருக்கும் 200 யூரோ போதும். கணக்குக்காக யூரோவை 110 ரூபாய் என்று வைக்கிறேன். ஆக 22,000 ரூபாய். மகனுக்குக் கிடையாது, அங்கே 18 வயது ஆக வேண்டும்.

பெரிய செலவெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது. விமான டிக்கெட் நால்வருக்கு 3 லட்சம். இத்தாலி போகத் தேவையான ஷெங்கன் விசா ஆளுக்கு 90 யூரோ. சேவைக் கட்டணம், காப்பீடு சேர்த்து 58,000. 'அக்ரிடூரிஸ்மோ' என்று விவசாயக் குடும்பங்களே நடத்தும் பண்ணை வீடுகள் இருக்கின்றன. இரண்டு படுக்கையறையும் சமையலறையும் உள்ள வீடு வாரத்துக்கு 1,100 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோமில் மூன்று இரவையும் சேர்த்தால் தங்குவதற்கு 1.8 லட்சம். ஒரு வாரத்துக்குக் கார், பெட்ரோல் 57,000. சாப்பாடு ஒரு நாளைக்கு 100 யூரோ வீதம் பத்து நாளைக்கு 1.1 லட்சம். ரயில், அருங்காட்சியகம் 33,000. ஒயினையும் சேர்த்தால் மொத்தம் 7.6 லட்சம். பத்து சதவீதம் கூடுதலாக ஒதுக்கினால் சுமார் 8.4 லட்சம். பேக்கேஜுக்கு 10.4 லட்சம், அதற்கு மேல் டிசிஎஸ் என்ற வரியை வேறு முன்கூட்டியே பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், பயண நேரத்தில் பணம் கையை விட்டுப் போயிருக்கும். 9 நாளில் 7 ஊர் என்றால் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும், அந்தப் பஸ்ஸுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

சமையலறை இருப்பது உங்களுக்குப் பெரிய சௌகரியம். மதியம் வெளியே சாப்பிட்டுவிட்டு, இரவு சந்தையில் வாங்கிய தக்காளி, பீன்ஸ், ரொட்டியோடு வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம். டஸ்கன் ரொட்டியில் உப்பு இருக்காது, கெட்டுப்போனதோ என்று பயப்பட வேண்டாம். ரொட்டியும் காய்கறியும் போட்ட 'ரிபொல்லீத்தா', தக்காளியில் செய்யும் 'பப்பா அல் பொமோடோரோ' இரண்டும் மாமியாருக்கு ஏற்றவை. இறைச்சிச் சாறு சேர்த்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பார்மேசான் சீஸ் செய்யும்போது பாலைத் திரிய வைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பார்கள். இதை அவரிடம் இங்கேயே சொல்லிவிடுங்கள், அங்கே தட்டு வந்த பிறகு வேண்டாம்.

உணவக பில்லில் 'கோபெர்தோ' என்று ஆளுக்கு 2, 3 யூரோ வரும். அது ஏமாற்று இல்லை, உட்காருவதற்கான கட்டணம். காப்பியைக் கவுன்ட்டரில் நின்று குடித்தால் ஒன்றேகால் யூரோ. சதுக்கத்தைப் பார்த்து உட்கார்ந்து குடித்தால் அதுவே மூன்று நான்கு மடங்காகலாம். மீனுக்கும் ஸ்டேக்குக்கும் மெனுவில் 'எத்தோ' என்று போட்டிருந்தால் அது 100 கிராமின் விலை. 6 யூரோதானே என்று மகன் ஆர்டர் கொடுத்து, ஒன்றரை கிலோ வந்தால் பில் 90 யூரோ.

கார் விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். பழைய நகரங்களின் நுழைவில் 'ஜோனா ட்ராஃபிகோ லிமிடாடோ' என்று பலகை இருக்கும். அனுமதி இல்லாத வண்டி நுழைந்தால் கேமரா படம் எடுத்துவிடும். ஓட்டலைத் தேடி ஒரே தெருவை இரண்டு தடவை சுற்றினேன். ஊர் திரும்பி மாதக்கணக்கில் ஆன பிறகு இரண்டு அபராதம் வந்தது, வாடகைக் கம்பெனியின் கட்டணம் தனி. ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்க வேண்டும். ஒயின் தோட்டத்துக்குப் போகிற நாளில் ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது. அது கணவரா நீங்களா என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்!

சரி, பணம். மகன் ஃபண்டைத் தொடவே வேண்டாம். மூன்று வருடத்தில் கல்லூரி வந்துவிடும், எடுத்ததைத் திரும்பச் சேர்க்க நேரம் இல்லை. எஃப்டியும் அப்படியே இருக்கட்டும், இஎம்ஐ பேச்சே வேண்டாம். இந்த ஜூலையிலிருந்து 14 மாதம் அந்த 40,000-ஐக் கடனில் கட்டாமல் ஆர்டியில் போடுங்கள். 5.6 லட்சம் ஆகும், சீட்டுப் பணத்தையும் சேர்த்தால் 8.6 லட்சம். அடுத்த வருடம் காலாண்டு விடுமுறையில் போகலாம். திராட்சை அறுவடையும் அப்போதுதான்.

இதற்கு ஒரு விலை உண்டு. இன்றைய வேகத்தில் கட்டினால் கடன் சுமார் 40 மாதத்தில் முடியும். 14 மாதம் நிறுத்தினால் 50 மாதம் ஆகும். வீட்டுக் கடன் பத்து மாதம் நீள்வது சம்மதமா என்று உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு சம்பளம் நிலையாக வருகிற வீட்டில் எனக்கு அது தப்பாகப் படவில்லை.

அப்புறம் ஒன்று. கடையில் கார்டு தேய்க்கும்போது மெஷின் 'ரூபாயா, யூரோவா' என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் நன்றாகக் கறந்துவிடுவார்கள். திரும்பும்போது ஆளுக்கு 2 லிட்டர் ஒயின் வரைதான் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம், அதாவது முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு. மாமியார் பெயரிலும் இரண்டு வரும், அவர் சம்மதித்தால்.