நகரத்தின் மேல் பறக்கும் தட்டைப் பார்த்ததாகக் காவலரே அறிக்கை கொடுத்தால் நம்பலாமா?

"இதைச் சொல்வது சாமானியர் அல்ல, காவல்துறை அதிகாரி" என்று ஏதோ ஒரு காணொளியில் கேட்டுவிட்டுத்தான் நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். கடலோர மாவட்டம் ஒன்றின் காவல்துறைக் கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் மைக் பிடித்து ஓய்வு பெற்றவன் என்பதால் என் பதிலைச் சொல்கிறேன். காவலரின் அறிக்கையில் நேரம், இடம், திசை ஆகிய மூன்றையும் தாராளமாக நம்பலாம். வானில் தெரிந்த ஒளியின் தூரம், உயரம், அளவு ஆகியவற்றை யார் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இது என் துறையைத் தாழ்த்திப் பேசுவது ஆகாது. இருட்டு வானில் ஒப்பிட்டுப் பார்க்க மரமோ கட்டடமோ இல்லாதபோது, எந்தப் பயிற்சியும் கண்ணுக்கு அளவுகோல் ஆகிவிடாது.

இதற்கு மிகப் பொருத்தமான வழக்கு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1966 ஏப்ரல் 17 அன்று விடியற்காலையில் நடந்தது. போர்டேஜ் கவுண்டியில் சாலையோரம் நின்ற கார் ஒன்றைச் சோதிக்க இறங்கிய டேல் ஸ்பார், வில்பர் நெஃப் என்ற இரு காவலர்கள், மரங்களுக்கு மேலே தரையையே வெளிச்சமாக்கிய ஒரு பொருளைக் கண்டு, மணிக்கு 100 மைலுக்கும் மேலான வேகத்தில் துரத்தி, சுமார் 85 மைல் கடந்து பென்சில்வேனியாவில் போய் நின்றார்கள். வழியில் வேறு ஊர்க் காவலர்களும் சேர்ந்துகொண்டார்கள். அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்கள் பற்றிய தகவல்களை விசாரித்த அமெரிக்க விமானப்படையின் புளூ புக் திட்டம், அவர்கள் முதலில் எக்கோ செயற்கைக்கோளையும் பிறகு வெள்ளிக் கோளையும் துரத்தினார்கள் என்று முடிவு எழுதியது. வெள்ளி அந்த மாதம் விடியலுக்கு முன் கிழக்கில் நின்றது உண்மைதான். எவ்வளவு விரட்டினாலும் எட்டாத ஒளி நம்முடனே ஓடி வருவது, ஓடும் பேருந்தின் ஜன்னலில் நிலா கூடவே வருவதைப் போன்றதுதான். ஆனால் வெள்ளியையும் அந்தப் பொருளையும் தனித்தனியாகப் பார்த்ததாக அவர்கள் சொன்னதற்கு அந்த முடிவில் சரியான விடை இல்லை. முதல் விசாரணையோ சில நிமிடத் தொலைபேசி உரையாடல்தான். தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வற்புறுத்திய பிறகே புளூ புக் அதிகாரி நேரில் வந்தார்.

எங்கள் மாவட்டத்திலும் ஒரு முறை, பின்னிரவு ரோந்தில் இருந்த ஏட்டு ஒருவர் மைக்கில் அழைத்தார். "ஐயா, கடல் பக்கம் ஒரு வெளிச்சம், வண்டி நின்றால் அதுவும் நிற்கிறது, வண்டி போனால் கூடவே வருகிறது" என்றார். வண்டியை அணைத்துவிட்டு, மேல்நிலை நீர்த்தொட்டியின் தூண் விளிம்பில் அந்த ஒளியை ஒட்டவைத்து, அதே இடத்தில் அசையாமல் நின்று பார்க்கச் சொன்னேன். கால் மணி நேரத்தில் ஒளி விளிம்பை விட்டு மேலேறி வலப்பக்கம் சற்றே நகர்ந்திருந்தது. வலைக்குப் போகிறவர்கள் அன்றாடம் பார்க்கும் விடிவெள்ளிதான் அது. ஏட்டய்யா நேரத்தையும் திசையையும் ஜி.டி. என்னும் நிலையப் பொது நாட்குறிப்பில் முறையாக எழுதிவைத்தார். தட்டு என்ற சொல்லே அதில் கிடையாது. இருந்தும் மறுநாளே நிலையத்தில் அவருக்குத் "தட்டு ஏட்டு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேலதிகாரி ஒருவரே ஆஜர் அழைப்பில் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தார். பிறகு விளக்கில்லாமல் கரையோரம் வந்த ஒரு படகைக்கூட அவர் மைக்கில் சொல்லத் தயங்கி, பணி முடிந்தபின் என்னிடம் நேரில் வந்து சொன்னார். ஒரு நிலையத்தில் கேலி என்ன வேலை செய்யும் என்பது எனக்கு அன்று விளங்கியது.

ஒஹாயோவிலும் அதுவே நடந்தது. சில மாதங்களுக்குள் ஸ்பார் வேலையை விட்டார், குடும்பமும் கலைந்தது. "எல்லாம் விளம்பரத்துக்காகச் செய்தது" என்று பின்னூட்டம் போடத் துடிப்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

2000 ஜனவரி 5 அன்று இல்லினாய்ஸ் மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு அருகிலுள்ள லெபனான், ஷைலோ, மில்ஸ்டாட் முதலிய ஊர்களின் காவலர்கள் அடுத்தடுத்து ஒரு பொருளைப் பார்த்ததும் இப்படி ஆராய வேண்டியதே. முதலில் பார்த்த பொதுமகனுக்கு இரண்டு மாடி வீடு போலத் தெரிந்தது லெபனான் காவலருக்கு நீண்ட முக்கோணமாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் காவலர்களின் வயர்லெஸ் உரையாடல் பதிவாகியிருப்பதால், அது எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதில் தகராறு குறைவு. அருகிலேயே ஸ்காட் விமானப்படைத் தளம் இருப்பதையும் காணொளிக்காரர்கள், அது ராணுவ விமானம்தான் என்று வாதிடவும் ராணுவம் உண்மையை மறைக்கிறது என்று வாதிடவும் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

இதனால் எல்லாமே வெள்ளிக் கோள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1964இல் நியூ மெக்சிகோவின் சோகோரோவில் காவலர் லோனி ஸமோரா கண்டது தரையில் நின்ற பொருள். அங்கே கருகிய புதர்களும் மண்ணில் பள்ளங்களும் இருந்தன. புளூ புக் திட்டம் பதிவு செய்த 12,618 நிகழ்வுகளில் விடை காணப்படாத 701இல் அதுவும் ஒன்று. அந்த வழக்கில் என்னிடமும் விடை இல்லை.