எலிக்குப் போட்ட ஊசியும் பிள்ளைக்குத் தரும் மாத்திரையும்

வணக்கம் ஐயா,

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். ஒன்பது வயது மகனுக்குக் கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் இருப்பதாக மருத்துவர் சொல்லி, மெத்தில்ஃபெனிடேட் என்னும் ஊக்க மருந்து மாத்திரை எழுதித் தந்து நான்கு மாதமாகிறது. இப்போது வகுப்பில் உட்கார்ந்து எழுதுகிறான். என் கொழுந்தன் சியாபு என்னும் போதைப்பொருள் பழக்கத்தில் சிக்கி, மறுவாழ்வு மையம் போய் வந்தவர். முன்பே ஊக்க மருந்து கொடுக்கப்பட்ட எலிகள் பிற்பாடு போதையைத் தேடி அலைவதாக உறவினர் ஒருவர் படித்துச் சொன்னதிலிருந்து, மாத்திரையை நிறுத்தும்படி மாமியார் வற்புறுத்துகிறார். அந்தச் சோதனை உண்மையா?

— ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

சோதனை உண்மைதான். ஆனால் உங்கள் காதுக்கு அதில் பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது. முப்பது ஆண்டுகள் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் இருந்தவன் என்ற முறையில், பாதிச் செய்தியைக் கேட்டு மருந்தை நிறுத்திய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்; ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1989-இல் பிரான்சின் போர்தோ நகர ஆய்வாளர்கள் எலிகளைப் பழக்கமில்லாத இடத்தில் விட்டு, எவை அதிகம் ஓடித் திரிகின்றன, எவை ஒடுங்கியிருக்கின்றன என்று பிரித்தார்கள். பிறகு, தாமாகவே ஆம்ஃபெட்டமின் என்னும் ஊக்க மருந்தைத் தங்கள் இரத்தக் குழாய்க்குள் செலுத்திக்கொள்ளும் வசதி அவற்றுக்குச் செய்து தரப்பட்டது. ஓடித் திரிந்தவை விரைவில் அதைக் கற்றுக்கொண்டன, ஒடுங்கியிருந்தவை நாடவில்லை. ஆனால் அந்த ஒடுங்கிய எலிகளுக்கே முன்னதாகச் சில முறை ஆம்ஃபெட்டமின் ஊசி போட்டிருந்தால், அவையும் மற்றவற்றைப் போல மருந்தை நாடத் தொடங்கின. பின்னர் சிக்காகோவில் நடந்த ஆய்வுகளில் ஒவ்வொரு முறை மருந்து பெறவும் முன்னைவிட அதிகத் தடவை நெம்புகோலை அழுத்த வேண்டும் என்று விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். முன்பே ஊசி பெற்ற எலிகள், மற்றவை கைவிட்ட பிறகும் அழுத்திக்கொண்டிருந்தன. ஆம்ஃபெட்டமின் பெற்றவை பிற்பாடு கொக்கேனுக்கும் இவ்வாறே உழைத்தன.

காரணம் இதுதான்: மூளையின் நடுப்பகுதியிலிருந்து முன்பகுதிக்குச் சென்று, டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புகள், திரும்பத் திரும்ப மருந்து பட்டதால் கூர்மைப்பட்டுவிடுகின்றன. அடுத்த முறை அதே அளவு மருந்துக்குக் கூடுதலாக டோபமைன் சுரக்கிறது. முன்னூசி போடும்போதே டோபமைனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளில் ஒரு வகையை அடைத்துவைத்தால் பிற்கால நாட்டம் கூடுவதில்லை என்பதும் காட்டப்பட்டிருக்கிறது. கூடுவது இன்பம் அன்று, வேட்கை என்பது ராபின்சன், பெரிட்ஜ் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் 1993-இல் முன்வைத்த கருத்து. எனக்கு அது சரியாகவே படுகிறது.

இனி உங்கள் மகனுக்கு வருவோம். மெத்தில்ஃபெனிடேட்டையே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த இரண்டு ஆய்வுகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளிவந்தன. 2001-இல் வந்ததில், விடலைப் பருவத்தில் மருந்து பெற்ற எலிகள் பின்னாளில் கொக்கேனை அதிகம் நாடின. 2002-இல் வந்ததிலோ, அதற்கும் முந்திய பிள்ளைப் பருவத்தில் பெற்றவை, வளர்ந்தபின் கொக்கேன் கொடுக்கப்பட்ட அறையை மற்ற எலிகள் அளவுக்கு விரும்பவில்லை. எந்த வயதில் கொடுத்தார்கள், எதை வைத்து நாட்டத்தை அளந்தார்கள் என்பதைப் பொறுத்து விடை இப்படித் தலைகீழாக மாறுகிறது. உறவினர் சொன்னது இவற்றுள் ஒன்றை மட்டும்.

மருந்து போகும் வழியும் முக்கியம். சிரையில் ஏற்றிய மெத்தில்ஃபெனிடேட் சில நிமிடங்களில் மூளையில் உச்சத்தைத் தொடுகிறது. விழுங்கிய மாத்திரைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. போதையைத் தருவது அந்த வேகமே. எலியின் உடலில் ஊசியால் ஏறியதையும், உங்கள் மகன் காலைப் பசியாறலோடு விழுங்குவதையும் ஒன்றாக வைத்துப் பேசுவது தவறு.

எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதப் பிள்ளைகளையே பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அத்தகைய 15 ஆய்வுகளை, 2,500-க்கும் மேற்பட்டோரின் விவரங்களோடு, 2013-இல் ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோது, இந்த மருந்தை உட்கொண்ட பிள்ளைகளிடம் பிற்காலப் போதைப் பழக்கம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று தெரிந்தது. கூடவில்லை என்பதே உங்களுக்கு வேண்டிய விடை.

அந்த எலிகள் உங்கள் கொழுந்தனைப் பற்றித்தான் அதிகம் பேசுகின்றன. சியாபு என்பது மெத்தாம்ஃபெட்டமின். புகையாக உள்ளே போய், நொடிகளில் மூளையை எட்டுவது. மையத்திலிருந்து திரும்பியவர் மறுபடி தடுமாறினால் 'திமிர்' என்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. பழைய கூட்டாளியின் முகமோ, வாங்கிய இடமோ கண்ணில் பட்டாலே கிளர்ந்தெழும் வேட்கை, கூர்மைப்பட்ட நரம்புகளின் வேலை. 2018-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் இன்னொன்றும் கண்டார்கள்: ஒரு பக்கம் மெத்தாம்ஃபெட்டமினும் மறுபக்கம் இன்னோர் எலியோடு சேர்ந்திருக்கும் வாய்ப்பும் இருந்தபோது, மருந்துக்குப் பழகிய எலிகளும் துணையையே தேர்ந்தெடுத்தன. எலியைக் கொண்டு மனிதரை அளக்காதீர்கள் என்று இப்போதுதான் எழுதினேன். இருந்தாலும், அவரை வீட்டு விருந்துகளிலிருந்து ஒதுக்கிவைத்திருந்தால் தயவுசெய்து திரும்ப அழையுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எண்ணி, பூட்டிவைத்து, உங்கள் கையாலேயே கொடுங்கள். அதைப் பொடித்து வேறு வழியில் பயன்படுத்துவோர் உண்டு. பசி, எடை, உயரம், இரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்லுங்கள். குடும்பத்தில் போதைப் பழக்கம் இருந்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அடுத்த முறை செல்லும்போது மாமியாரையும் உடன் அழைத்துச் சென்று, எலியைப் பற்றிய கேள்வியை அவரே மருத்துவரிடம் நேரில் கேட்கட்டும்.