கிரேட் நிகோபாரின் கலாத்தியா ஆற்றுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

கலாத்தியா ஒரு டென்மார்க் கடற்படைக் கப்பலின் பெயர். 1845இல் உலகைச் சுற்றக் கிளம்பிய அந்தக் கப்பலுக்கு நம் தரங்கம்பாடியிலும் வேலை இருந்தது. அந்த ஆண்டுதான் டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றது. அப்புறம் 1846இல் அந்தக் கப்பலில் வந்தவர்கள் நிகோபார் தீவுகளை ஆராயப் போனார்கள். அந்தப் பயணத்தின் நினைவுதான் ஆற்றின் பெயரில் இன்றும் இருக்கிறது. காலங்காலமாக கிரேட் நிகோபார் காட்டில் வாழும் ஷோம்பென் மக்கள் அதை எப்படி அழைக்கிறார்கள் என்பதும் வரைபடத்தில் ஏற வேண்டும் என்பது என் ஆசை.

ஆறு சின்னதுதான். அடர்ந்த மழைக்காட்டு மலைகளில் கிளம்பி, தெற்கே ஓடி, கலாத்தியா விரிகுடாவில் கலக்கிறது. முகத்துவார மணலில் இரவில் பெரிய கடலாமைகள் கரையேறி, பின்துடுப்புகளால் குழி தோண்டி முட்டையிடும். 2004 சுனாமியில் கடற்கரை தாழ்ந்து, மணற்பரப்பு அழிந்தது. பிறகு மணல் மெல்லச் சேர, ஆமைகளும் திரும்பி வந்தன.