மழையும் பஸ் தாமதமும்: 0.114 ஏன் தப்பு?
மழையும் பஸ் தாமதமும் ஒரே நாளில் நடக்க நிகழ்தகவு (வாய்ப்பின் அளவு) என்ன என்ற கணக்குக்கு 0.114 என்று போட்டு, ஏன் தப்பு என்று கேட்டிருந்தீர்கள்; சரியான விடை 0.24. மழைக்கு 0.3, மழை பெய்தால் கிண்டி பஸ் தாமதமாக 0.8, இந்த இரண்டைத்தான் பெருக்க வேண்டும், நீங்கள் 0.3-ஐ மொத்தத் தாமதமான 0.38-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள், அதனால்தான் 0.114 வந்தது.

நாணயக் கணக்குப் பழக்கமாக இருக்கும். அவை சார்பிலா நிகழ்ச்சிகள் (ஒன்று நடப்பது மற்றதன் வாய்ப்பை மாற்றாது), அப்படியே பெருக்கலாம். மழையும் தாமதமும் அப்படியல்ல. மழையில் கிண்டிப் பக்கத்துக் கத்திப்பாரா சந்திப்பில் போக்குவரத்து எப்படி நகரும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

சரிபார்க்க 100 நாள் எடுங்கள்: மழை 30, அதில் தாமதம் 24. மழையில்லாத 70 நாளில் 0.2 வீதம் 14. ஆக மொத்தத் தாமதம் 38 நாள், மழையும் தாமதமும் சேர்ந்தது 24 நாள், அதாவது 0.24.

இன்னொன்று, 'பஸ் தாமதம், அப்போ மழை பெய்திருக்குமா' என்பது வேறு கேள்வி. அதற்கு 24-ஐ 38-ஆல் வகுக்கணும், சுமார் 0.63.