டாலினுக்கு வந்தால் பையனின் கால்பந்து என்ன ஆகும்?

வணக்கம் தம்பி. வேலை மாற்றலாகி இந்தக் கோடையில் குடும்பத்தோடு கோவையிலிருந்து டாலினுக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். பதினொரு வயது மகன் அங்கே ஒரு அகாடமியில் நன்றாக ஆடுகிறான், இங்கே வந்தால் பனியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியதுதானா, எஸ்டோனியாவில் ஆடி யாராவது பெரிய ஆளாக வந்திருக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். நான் இங்கே குடியேறிப் பல வருடம் ஆகிறது. என் பிள்ளைகளும் இங்கே ஒரு கிளப்பில் ஆடித்தான் வளர்ந்தார்கள். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இரண்டாவது கேள்வி. வந்திருக்கிறார்கள். ராக்னார் கிளாவான் என்ற பெயரைப் பையனிடம் சொல்லிப் பாருங்கள், இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் ரசிகனாக இருந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவான். டாலினிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் வில்யாண்டி என்று ஏரிக்கரையில் ஒரு சிற்றூர். 1985-ல் அங்கே பிறந்தவர். அப்பா ட்ஸின்டார் கிளாவானும் எஸ்டோனியாவுக்காக ஆடியவர்தான். மகன் உள்ளூர் அணியான துலேவிக்கில் ஆடி, டாலினின் ஃப்ளோரா கிளப்புக்கு வந்து, 18 வயது முடிவதற்குள் தேசிய அணியின் சட்டையையும் போட்டுவிட்டார்.

அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். 2005-ல் அவர் நெதர்லாந்துக்குப் போனார். போன இடம் அந்த நாட்டின் பெரிய கிளப்பான அயாக்ஸ் இல்லை. நாட்டின் கிழக்கு ஓரத்தில், ஒரு காலத்தில் நெசவாலைகளால் வாழ்ந்த ஆல்மெலோ என்ற ஊரின் ஹெராக்லஸ் கிளப். அப்போது அது இரண்டாம் பிரிவில் இருந்தது, அந்த சீசனிலேயே ஜெயித்து முதல் பிரிவுக்கு ஏறியது. அங்கே நான்கு வருடம் ஆடினார். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையில் மிக முக்கியமான காலம் அந்த நான்கு வருடம்தான். பேரும் புகழும் இல்லாத அணியில், வாரா வாரம் மேட்ச் ஆடி, தடுப்பாட்டத்தைக் கற்றுக்கொண்டார்.

2009-ல் ஏஇசட் அல்க்மார். லூயி வான் ஹால் பயிற்சியாளராக இருந்த அந்த அணி அந்த சீசனில் டச்சு லீக்கையே வென்றது. 2012-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க். பெரிய பணமோ பெரிய பெயரோ இல்லாத அந்த கிளப் 2014-15 சீசனில் ஐந்தாவது இடம் பிடித்து முதல்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குப் போனது. 2016 பிப்ரவரியில் யூரோப்பா லீக்கில் எதிரே வந்தது லிவர்பூல். இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து ஆக்ஸ்பர்க் வாங்கியது ஒரே ஒரு கோல், அதுவும் பெனால்டி. அதே வருடம் கோடையில் லிவர்பூலின் அப்போதைய பயிற்சியாளர் யூர்கன் கிளாப் அவரைத் தன் அணிக்கு வாங்கினார், சுமார் 42 லட்சம் பவுண்டுக்கு. அப்போது கிளாவானுக்கு வயது முப்பது. டாலினை விட்டுக் கிளம்பி 11 வருடம் ஆகியிருந்தது.

பதினாறு வயதில் ஸ்பெயின் கிளப் எடுத்துக்கொள்ளாவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம் ஊர் அப்பாக்கள் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது பிள்ளையை நசுக்குகிற பேச்சு. கிளாவான் தன் முப்பதாவது வயதில்தான் உலகமே பார்க்கும் அணிக்கு வந்தார். வந்ததும் முதல் லீக் ஆட்டத்தில், ஆர்சனலை அவர்கள் மைதானத்தில் 4-3 என்று வென்ற அந்த மேட்சில், தொடக்கத்திலிருந்தே ஆடினார். 2018 ஜனவரி 1 அன்று பர்ன்லியில் ஆட்டம் 1-1. கூடுதல் நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. சக ஆட்டக்காரர் லாவ்ரென் தலையால் முட்டிய பந்தைக் கோல் கோட்டருகே நின்று தன் தலையால் உள்ளே தள்ளினார். இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கில் எஸ்டோனியர் ஒருவர் அடித்த முதல் கோல் அது. அந்த மே மாதம் கீவ் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் இருந்தார். அப்புறம் இத்தாலியின் காலியாரி. 2021-ல் ஊர் திரும்பி முதலில் பைடே அணிக்கும், பிறகு டாலின்னா கலேவ் அணிக்கும் ஆடினார்.

அவருக்கு முன்னால் வழி போட்டவர் கோல்கீப்பர் மார்ட் போம். இங்கிலாந்தின் டார்பி கவுண்டி கிளப்புக்காக முதல் ஆட்டமே மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில், 1997 ஏப்ரலில். மான்செஸ்டர் யுனைடெட்டை டார்பி 3-2 என்று வென்றது. பின்னர் சண்டர்லாந்துக்கு மாறி, 2003 செப்டம்பர் 20 அன்று டார்பியின் சொந்த மைதானத்துக்கே எதிரணியாக வந்தார். கடைசி நிமிடங்களில் தன் கோலை விட்டுவிட்டு முன்னே ஓடி வந்து கார்னர் பந்தைத் தலையால் முட்டி சமன் செய்தார். பழைய கிளப்பின் மீதிருந்த மரியாதையால் பெரிதாகக் கொண்டாடவில்லை. சரியாக 13 வருடம் கழித்து, 2016 செப்டம்பர் 20 அன்று அதே மைதானத்தில் லிவர்பூலுக்காகத் தன் முதல் கோலை அடித்தார் கிளாவான். இந்த ஊர்க் கால்பந்துக்காரர்களிடம் இதைச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

இவர்கள் விதிவிலக்குகள் என்பதையும் மறைக்கக் கூடாது. எஸ்டோனியாவின் மக்கள்தொகை சுமார் 13 லட்சம்தான், கோவையும் சுற்றுவட்டாரமும் சேர்ந்தால் அதைவிட அதிகம் வரும். இங்குள்ள முதல் பிரிவு லீக்கில் பத்து அணிகள். எல்லா ஆட்டக்காரருக்கும் அது முழுநேரப் பிழைப்பு இல்லை, படிப்போ வேலையோ கூடவே ஓடும். ஆனால் சின்ன நாடு என்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது. திறமை உள்ள பையன் கூட்டத்தில் தொலைந்துபோக மாட்டான், யாராவது ஒரு பயிற்சியாளர் கண்ணில் பட்டுவிடுவான். 2011-ல் இதே நாடு ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பான யூரோ 2012-க்கான கடைசித் தகுதிச் சுற்று, பிளே-ஆஃப் வரை போனது. டாலினில் அயர்லாந்திடம் 0-4 என்று தோற்றது, ஊரே உடைந்துபோனது. ஆனாலும் அந்த அணியை இன்றும் பாசத்தோடுதான் பேசுகிறார்கள். 2021-ல் ஃப்ளோரா ஐரோப்பியக் கோப்பை ஒன்றின் குழுச் சுற்றுக்குள் நுழைந்தது. எஸ்டோனிய கிளப் ஒன்று அந்தக் கட்டத்தைத் தொட்டது அதுதான் முதல்முறை.

இனி குளிர். லீக் ஆட்டங்கள் மார்ச் வாக்கில் தொடங்கி நவம்பரில் முடியும். பயிற்சி நிற்காது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும், விளக்கொளியில் செயற்கைப் புல் மேல் பனியைத் தள்ளிவிட்டு ஆடுவார்கள், கடுங்குளிர் வந்தால் உள்ளரங்கம். தேசிய அணியின் மைதானம் இருக்கும் லில்லெகுலா பகுதிக்கு ஒரு சாயங்காலம் பையனைக் கூட்டிப் போங்கள். பக்கத்திலேயே ரயில் பாதை. கையுறையும் குல்லாவும் மாட்டிய பொடிசுகள், ரயில் போவதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தைத் துரத்தும். ஒரே அணியில் எஸ்டோனிய மொழியும் ரஷ்ய மொழியும் கலந்து ஒலிக்கும். "வா", "கொடு", "பின்னால் ஆள்" ஆகியவற்றை உங்கள் மகன் இரண்டு வாரத்தில் இரண்டு மொழியிலும் பிடித்துக்கொள்வான். ஒன்று, உங்கள் வீட்டம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். காலுறையைக் கழற்றினால் செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர் துகள்கள் வீடு முழுக்கக் கொட்டும். வாசலிலேயே ஒரு தட்டு வைத்து அதில் உதறச் சொல்வதுதான் வழி.

அடுத்து, பலரும் கோட்டைவிடும் விஷயம் காகிதம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் நாடு விட்டு நாடு போய் கிளப்பில் பதிவதை ஃபிஃபா கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. கால்பந்தைக் காட்டிப் பிள்ளைகளைக் கடத்தி ஏமாற்றியவர்கள் இருந்ததால் வந்த விதி அது, தேவையான விதிதான். பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்ந்திருந்தால் அனுமதி உண்டு. உங்கள் நிலை அதுதான், ஆனால் அதைக் காட்ட வேண்டும். உங்கள் வேலை ஒப்பந்தம், குடும்பத்தின் குடியிருப்பு அனுமதி, மகனின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் நகல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பில் அகாடமி அவன் பெயரைப் பதிந்திருக்கிறதா என்று கேட்டு, பதிந்திருந்தால் அந்த எண்ணைக் கையோடு வாங்கி வாருங்கள். பத்து வயது தாண்டிவிட்டதால் சர்வதேச மாற்றச் சான்றிதழ் தேவைப்படும், அதற்கு அந்த எண் உதவும். விண்ணப்பத்தை இங்குள்ள கிளப்பும் கால்பந்துச் சங்கமும் பார்த்துக்கொள்ளும். பதிவு முடியும்வரை அதிகாரப்பூர்வ ஆட்டத்தில் இறங்க முடியாது. பையனிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் மனசு விட்டுவிடுவான்.

கிளப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கோப்பைகளைப் பார்க்க வேண்டாம். வீட்டிலிருந்து டிராமிலோ பஸ்ஸிலோ தனியாகப் போய்வர முடிகிற கிளப்பாகப் பாருங்கள். இங்கே பதினொரு வயதுப் பிள்ளைகள் தனியாகத்தான் பயிற்சிக்குப் போகிறார்கள். வீடு எந்தப் பகுதியில் என்று முடிவானதும் எழுதுங்கள், பக்கத்தில் எந்த கிளப்பில் அவன் வயதுக் குழு இருக்கிறது என்று விசாரித்துச் சொல்கிறேன்.