கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த படமெல்லாம் எங்கே போச்சு?

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் நைட்டி, இன்ஸ்கர்ட் மொத்த வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார். பில் போடும் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10-ஐ எடுத்துவிட்டு 11 ஏற்றிக் கொடுத்தார்களாம். அன்றிலிருந்து திரையின் கீழ் வலது மூலையில் கடிகாரத்தை ஒட்டி இருந்த பேக்கப் படம், பென்டிரைவ் கழற்றும் படம், யுபிஎஸ்ஸின் பேட்டரிப் படம் எதுவும் இல்லை. "மேல்நோக்கி நிற்கிற ஒரு அம்புக்குறி இருக்குமே, அதுவும் காணோம். மறுபடி ஃபார்மட் செய்தால்தான் வரும் என்கிறார் சர்வீஸ் பையன். வெயில் எத்தனை டிகிரி, தேடும் பெட்டி என்று வேண்டாததெல்லாம் மட்டும் கீழே வரிசையாக நிற்கிறது. இதை நாங்களே சரி செய்ய முடியுமா?"

முடியும் அக்கா. ஃபார்மட் வேண்டவே வேண்டாம், இதற்காகக் காசு கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் சொன்னதில் எனக்கு முக்கியமான துப்பு அந்த அம்புக்குறிதான். விண்டோஸ் 11-இல் மறைத்து வைத்த ஐகான்கள் எல்லாம் அந்த அம்புக்குறிக்குள்தான் உட்கார்ந்திருக்கும், ஆனால் அந்த அம்புக்குறியையே அணைத்து வைக்க ஒரு சுவிட்சும் இருக்கிறது. அதை யாராவது தெரிந்தோ தெரியாமலோ அணைத்துவிட்டால், உள்ளே இருந்த ஐகான்கள் எந்த வழியிலும் கண்ணில் படாது. சாஃப்ட்வேர் பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும், முகம் மட்டும் தெரியாது. உங்கள் கடையில் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

கீழே இருக்கும் பட்டையில் ஐகான் எதுவும் இல்லாத காலி இடமாகப் பார்த்து ரைட் கிளிக் செய்யுங்கள். 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' என்று வரும், அதைத் திறங்கள். கொஞ்சம் கீழே இறங்கினால் 'அதர் சிஸ்டம் ட்ரே ஐகான்ஸ்' என்று ஒரு வரி, அதை அமுக்கினால் விரியும். அந்தப் பட்டியலில் 'ஹிடன் ஐகான் மெனு' என்று இருப்பதை முதலில் ஆன் செய்யுங்கள். அம்புக்குறி வந்துவிடும். அதே பட்டியலில் ஒவ்வொரு சாஃப்ட்வேர் பெயருக்கும் எதிரே ஒரு சுவிட்ச் இருக்கிறது பாருங்கள், எது எப்போதும் கண் முன்னால் இருக்க வேண்டுமோ அதை ஆன் செய்தால் போதும், ஆஃபில் விட்டது அம்புக்குறிக்குள் போய்விடும். சேவ் பட்டன் எல்லாம் கிடையாது, தட்டிய உடனே மாறும்.

இதில் ஒரு குழப்பம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற ஒரே பெயர் அந்தப் பட்டியலில் இரண்டு மூன்று தடவை வரலாம். பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, பக்கத்தில் இருக்கும் சின்னப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தப்பாகத் தட்டிவிட்டாலும் ஒன்றும் ஆகாது, திரும்பத் தட்டினால் பழையபடி ஆகிவிடும்.

இன்னொரு வழி இதைவிடச் சுலபம். அம்புக்குறியைத் தட்டித் திறந்து, உள்ளே இருக்கும் ஐகானை மவுஸால் பிடித்து அப்படியே கடிகாரத்தின் பக்கம் இழுத்து விடுங்கள். மறைக்க வேண்டுமென்றால் வெளியே இருப்பதைப் பிடித்து அம்புக்குறிக்குள் தள்ளிவிடுங்கள். மவுஸ் மக்கர் செய்யும் நாளில், தூசியும் பஞ்சும் பறக்கும் துணிக்கடையில் அது அடிக்கடி நடக்கும், விண்டோஸ் கீயோடு 'பி' (B) எழுத்தைத் தட்டினால் தேர்வு நேராக அந்த மூலைக்கே போய்விடும், அப்புறம் அம்புக் கீகளும் என்டரும் போதும்.

சரி, சுவிட்சை ஆன் செய்தும் நீங்கள் சொன்ன மூன்றும் வரவில்லை என்றால்? அங்கேதான் ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை.

பென்டிரைவ் கழற்றும் படம், பென்டிரைவ் செருகியிருந்தால் மட்டும்தான் வரும். சும்மா இருக்கும்போது தேடினால் கிடைக்காது, நிறையப் பேர் இதில் ஏமாந்து என்னிடம் வருவார்கள். 2018-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்தே, காப்பி ஆகி முடிந்துவிட்டால் நேராகப் பிடுங்கலாம் என்கிற மாதிரிதான் அமைப்பே வருகிறது. ஆனாலும் ராத்திரி கடை மூடும் அவசரத்தில் பில் பேக்கப் பென்டிரைவுக்கு முழுதாகப் போய்விட்டதா இல்லையா என்று தெரியாமல் பிடுங்குவதைவிட, அந்தப் படத்தைத் தட்டி 'எஜெக்ட்' கொடுத்துவிட்டுக் கழற்றுவது நல்லது. நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

யுபிஎஸ் படத்துக்கு செட்டிங்ஸை நோண்டுவதற்கு முன்னால் மேஜைக்கு அடியில் குனிந்து பாருங்கள். யுபிஎஸ்ஸிலிருந்து சிபியூவுக்குக் கரண்ட் ஒயர் இல்லாமல் இன்னொரு மெல்லிய யுஎஸ்பி ஒயர் போகும். சின்ன யுபிஎஸ் பலவற்றில் அது இருக்காது, முன்பு உங்களுக்குப் படம் தெரிந்தது என்கிறீர்கள், அதனால் உங்களுடையதில் இருக்க வேண்டும். அந்த ஒயர் செருகியிருந்தால், லேப்டாப்பில் வருகிற மாதிரியே ஒரு பேட்டரிப் படம் டெஸ்க்டாப்பிலும் வரும். கடை கூட்டும்போது துடைப்பம் பட்டுக் கழன்றிருக்கலாம், விண்டோஸ் மாற்ற சிபியூவைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் திரும்பச் செருக மறந்திருக்கவும் கூடும். ஒயர் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், யுபிஎஸ்ஸோடு வந்த சாஃப்ட்வேரைத் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

பேக்கப் படம்தான் எனக்குக் கவலை. ஒரு சாஃப்ட்வேர் ஒரு தடவையாவது ஓடினால்தான் அதன் பெயர் அந்தப் பட்டியலில் சேரும். பட்டியலில் உங்கள் பேக்கப் சாஃப்ட்வேரின் பெயரே இல்லை என்றால், அது மறைந்திருக்கவில்லை, விண்டோஸ் 11 ஏற்றியபோது எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள், அதைத் திரும்ப ஏற்றவே இல்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அப்படியானால் அன்றிலிருந்து உங்கள் பில் எதுவும் பேக்கப் ஆகவில்லை அக்கா. இதை இன்றைக்கே பாருங்கள், மற்றதெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மின்ட் தெருப் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் இது நடந்தே விட்டது. திரை சுத்தமாக இருக்கட்டும் என்று எல்லா ஐகானையும் உள்ளே தள்ளி வைத்திருந்தார்கள். பேக்கப் ஐகானில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி விழுந்து மாதக்கணக்காகியிருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. ஹார்டு டிஸ்க் போன அன்றைக்குத்தான் அம்புக்குறியைத் திறந்தார்கள்.

அதனால் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதற்கு என் கணக்கு இதுதான்: கோளாறு வந்தால் நிறம் மாறியோ குறி போட்டோ சொல்கிற ஐகான் வெளியே இருக்கட்டும், நாமாகத் தேடிப் போய்த் திறக்கிற ஐகான் உள்ளே கிடக்கட்டும். பேக்கப், யுபிஎஸ், விண்டோஸ் செக்யூரிட்டியின் கேடயப் படம் மூன்றும் வெளியே. நாலாவதாக, பில் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் அவர்கள் இடத்தில் இருந்தபடியே உங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்து பார்ப்பதற்கு ஒன்று போட்டுக் கொடுத்திருப்பார்கள் இல்லையா, அதையும் கட்டாயம் வெளியே வையுங்கள். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கிராபிக்ஸ் கார்டு, சவுண்டு டிரைவர் ஐகான்கள் எல்லாம் உள்ளே போகட்டும், துணிக்கடையில் அதற்கு வேலையே இல்லை.

மறைத்தால் கம்ப்யூட்டர் வேகமாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. ஐகானை மறைப்பது வேறு, சாஃப்ட்வேரை நிறுத்துவது வேறு. காலையில் கம்ப்யூட்டர் போட்டதும் தானாகக் கிளம்புவதைத் தடுக்க, செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' போய் 'ஸ்டார்ட்டப்' பட்டியலில் வேண்டாததை ஆஃப் செய்யுங்கள். பேக்கப்பை மட்டும் அங்கே தொட்டுவிடாதீர்கள்.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடக்கும், சாஃப்ட்வேர் செத்துப்போன பிறகும் ஐகான் நிற்கும். தண்டையார்பேட்டையில் அகஸ்தியா தியேட்டரை 2020-லேயே மூடிவிட்டார்கள், பஸ்ஸில் இன்னும் "அகஸ்தியா ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்கிறோம், அந்த மாதிரி. சாஃப்ட்வேர் பாதியில் மூடிக்கொண்டால் அதன் ஐகான் அங்கேயே இருக்கும், மவுஸை அதன்மேல் கொண்டுபோனதும் சட்டென்று மறைந்துவிடும். ஐகான் தெரிகிறதே, பேக்கப் ஓடுகிறது என்று நம்பிவிடாமல், வாரத்துக்கு ஒருமுறை மவுஸை அதன்மேல் வைத்துப் பாருங்கள். மொத்த மூலையும் குழம்பிப்போய் ஒன்றும் அசையவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள், டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' என்பதை ரைட் கிளிக் செய்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். பட்டை ஒரு நொடி காணாமல் போய்த் திரும்ப வரும். திறந்து வைத்த ஃபோல்டர்கள் மூடிக்கொள்ளும், போட்டுக்கொண்டிருக்கும் பில்லுக்கு ஒன்றும் ஆகாது.

வேண்டாததை நீக்குவது ரொம்பச் சுலபம். அதே டாஸ்க்பார் செட்டிங்ஸில் மேலேயே 'சர்ச்', 'டாஸ்க் வியூ', 'விட்ஜெட்ஸ்' என்று இருக்கும். சர்ச்சுக்கு 'ஹைட்' என்று தேர்ந்தெடுங்கள், மற்ற இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். வெயில் டிகிரி அந்த விட்ஜெட்ஸோடு போய்விடும், வெயில் எவ்வளவு என்று தெரிய எம்.சி. ரோட்டில் கம்ப்யூட்டர் வேண்டுமா என்ன. கீழே 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' உள்ளே 'அலைன்மென்ட்'டை 'லெஃப்ட்' என்று மாற்றினால் ஸ்டார்ட் பட்டன் பழைய இடத்துக்கே வந்துவிடும். அங்கேயே டாஸ்க்பார் பட்டன்களை ஒன்று சேர்க்கும் அமைப்பு ஒன்று உண்டு, அதை 'நெவர்' என்று வையுங்கள். திறந்திருக்கும் ஒவ்வொரு ஜன்னலும் பெயரோடு தனித்தனியாக நிற்கும், தீபாவளிக் கூட்டத்தில் நாலு பில் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கும்போது இதன் அருமை தெரியும். இது விண்டோஸ் 11 முதலில் வந்தபோது இல்லை, 2023-இல்தான் திரும்பக் கொடுத்தார்கள். உங்கள் கம்ப்யூட்டரில் இந்த வரி இல்லை என்றால், விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டுப் பாருங்கள்.

இன்னும் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு டாஸ்க்பார் செட்டிங்ஸில் 'செலக்ட் விச் ஐகான்ஸ் அப்பியர் ஆன் தி டாஸ்க்பார்' என்ற வரி. அதற்குள் எல்லா ஐகானையும் எப்போதும் காட்டு என்று ஒரே சுவிட்ச் உண்டு, 11-இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள், ஒவ்வொன்றாகத்தான் தட்ட வேண்டும். 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால், அக்கா கடையில் 11-க்கு மாறச் சொன்னது சரியான யோசனைதான், அதில் சர்வீஸ் பையனைக் குறை சொல்ல மாட்டேன். பேக்கப் சாஃப்ட்வேரைத் திரும்பப் போட்டீர்களா என்று மட்டும் அவரிடம் கேளுங்கள், இல்லை என்றால் அதைப் போட்டுக் கொடுப்பதும் அவர் வேலைதான்.